கிரிக்கெட் மட்டும் தெரிந்த வீட்டில் பேஸ்பால் படம் பார்ப்பது எப்படி

திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் தொங்கும் தொப்பிகளில் அடிக்கடி கண்ணில் படுவது, 'என்', 'ஒய்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிய தொப்பி. அது நியூயார்க் யாங்கீஸ் என்ற பேஸ்பால் அணியின் முத்திரை. உடம்பு ஒரு நிறம், கை வேறு நிறம், கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக இறங்கும் தையல் என்று ஒரு முக்கால் கை டீ-ஷர்ட் இருக்கிறதே, அதை நாங்கள் ராக்லான் என்போம். வாங்குகிறவர்கள் பேஸ்பால் டீ என்பார்கள். நான் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர் அனுப்பும் ஸ்பெக்கில், அதாவது துணியின் அளவுக் குறிப்பில், அந்தப் பெயரைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த ஆட்டத்தைப் பற்றிய படங்களைத் தேட ஆரம்பித்தேன். இப்போது அவிநாசியில் எங்கள் வீட்டில் அம்மாவும், பெருந்துறையில் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகனும் என்னோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள். இருவருக்கும் சொல்லிக்கொடுத்ததில் ஒரு முறை பிடிபட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

விதிகளை முழுக்கப் படித்துவிட்டுப் படத்துக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். பேஸ்பால் விதிப் புத்தகம் தடிமனானது, படித்து முடிப்பதற்குள் ஆசையே போய்விடும். படம் பார்க்கத் தேவையானது மிகக் கொஞ்சம். அதைப் படம் போடுவதற்கு முன்னால், டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

முதலில் சொல்லவேண்டியது

ஒரு அணிக்கு 9 பேர், 9 இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணியும் ஒரு முறை அடிக்கும். 3 பேர் அவுட்டானால் அடிக்கும் முறை மாறும். ஓவர் கணக்கு கிடையாது. அக்கா மகன் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: "சித்தி, இதுல எத்தனை ஓவருங்க?" ஓவரும் இல்லை, அமெரிக்காவின் முதல்தரப் போட்டியான மேஜர் லீக்கில் டிராவும் இல்லை. சமமாக நின்றால் யாராவது ஜெயிக்கும்வரை இன்னிங்ஸைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

பந்து வீசுகிறவர் பிட்சர். ஓடிவந்து வீசமாட்டார், பந்தைத் தரையில் குத்தவும் மாட்டார். நின்ற இடத்திலிருந்து 60 அடி 6 அங்குலம் தாண்டிக் குறுக்கே வீசுவார். நம் கிரிக்கெட் பிட்ச் 66 அடி. ஆக, அதைவிடக் கிட்டத்திலிருந்து, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில், உருண்டையான மட்டையை வைத்திருப்பவரிடம் பந்து வருகிறது. அந்த மட்டையில் பட்டை கிடையாது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். உருண்டையான கட்டையால் உருண்டையான பந்தைச் சரியாக அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் உறைக்கும்.

முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே, தரையிலிருக்கும் தட்டுக்கு மேலாக வந்த பந்தை அடிக்காமல் விட்டால் அது ஸ்ட்ரைக். வீசி அடித்துத் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக். 3 ஸ்ட்ரைக் ஆனால் அவுட். எல்லைக்கு வெளியே வந்து, அவரும் அடிக்காமல் விட்டால் அதற்குப் பெயர் 'பால்'. 4 பால் ஆனால் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். 90 அடி இடைவெளியில் பேஸ் என்ற 4 முனைகள். எல்லாவற்றையும் தொட்டுச் சுற்றிவந்தால் ஒரு ரன். முன்பக்கம் விரியும் கால்வட்டத்துக்குள்தான் அடிக்கவேண்டும், பக்கவாட்டிலோ பின்னாலோ போனால் ஃபவுல். கிரிக்கெட்டில் கைதட்டு வாங்கும் லேட் கட் இங்கே வெறும் ஃபவுல் என்றதும் எங்கள் வீட்டுப் பையனுக்கு மனசு ஆறவில்லை.

இவ்வளவு போதும். யாராவது பள்ளியிலோ கல்லூரியிலோ சாஃப்ட்பால் ஆடியவர் வீட்டில் இருந்தால் இதைக்கூட நீங்கள் சொல்லவேண்டாம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆனால் இதோடு ஒரு கணக்கையும் சொல்லியாகவேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் எந்தப் பேஸ்பால் கதையும் முழுசாகப் புரியாது. பேஸ்பாலில் 10 முறை அடிக்கப் போய் 3 முறை வெற்றிகரமாக அடித்தால் அவர் மிக நல்ல ஆட்டக்காரர். 7 முறை தோற்று நடந்துவருவதுதான் நல்ல ஆட்டக்காரரின் அன்றாட வேலை. 10-க்கு 4 என்ற அளவை ஒரு முழுப் பருவத்துக்கும் தாண்டிய டெட் வில்லியம்ஸ் அதைச் செய்தது 1941-இல். இன்றைய மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளிலும் அதற்கப்புறம் ஒருவரும் அதைத் தொடவில்லை. நம் கிரிக்கெட் படங்களில் நாயகன் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடிப்பான், நாமும் அதற்குத்தான் காத்திருப்போம். பேஸ்பால் கதைகளின் ஆழமான இடங்கள் தோற்றவன் திரும்பி நடக்கும்போது வருகின்றன. பந்து வீசப்படாத நேரங்களில், ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே, முகங்களைப் பாருங்கள் என்று வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள். நான் கொடுக்கக்கூடிய பெரிய யோசனை இதுதான்.

எதில் தொடங்குவது

என் கைவசம் ஒரு வரிசை இருக்கிறது. முதல் படம் 'எ லீக் ஆஃப் தெயர் ஓன்', 1992-இல் பென்னி மார்ஷல் இயக்கியது. இரண்டாம் உலகப் போரில் ஆண் ஆட்டக்காரர்கள் பட்டாளத்துக்குப் போனதால், சூயிங்கம் கம்பெனி முதலாளியும் சிகாகோ கப்ஸ் அணியின் உரிமையாளருமான பிலிப் ரிக்லி 1943-இல் பெண்களுக்கென்று ஒரு லீக் ஆரம்பித்தார். அது 1954 வரை நடந்தது. 600-க்கும் மேற்பட்ட பெண்கள் ஆடினார்கள். படத்தில் வரும் ராக்ஃபோர்ட் பீச்சஸ் அணி உண்மையிலேயே இருந்த அணி, பாத்திரங்கள் மட்டும் கற்பனை.

இதை முதலில் வைக்க என்னிடம் இரண்டு காரணம் உண்டு. படத்தில் ஆட்டக் காட்சிகள் நிறைய என்பதால் பார்த்துக்கொண்டே கற்றுக்கொள்ளலாம். இன்னொன்று என் தொழில் சம்பந்தப்பட்டது: அந்தப் பெண்களின் உடுப்பு. ஒரே துண்டாக, முழங்காலுக்கு மேலே நிற்கும் பாவாடை வைத்த டியூனிக். ஆட்டம் என்னவென்றால் புழுதியில் சறுக்கிப்போய் பேஸைத் தொடுவது. வெறுந்தொடை தரையில் தேய்ந்து தோல் உரியும். ஆடுகிறவர்கள் ஆடவேண்டும் என்பதைவிடப் பார்க்கிறவர்கள் பார்க்கவேண்டும் என்று வெட்டிய பேட்டர்ன் அது. படத்தில் ஒரு பெண்ணின் தொடையில் கன்றிச் சிவந்த பெரிய காயம் ஒன்றைக் காட்டுவார்கள். அது மேக்கப் இல்லை, படப்பிடிப்பில் அந்த நடிகைக்கு உண்மையிலேயே பட்டது. அம்மா அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆட்டக்காரிகளுக்கு நடை, உடை, ஒப்பனை சொல்லிக்கொடுக்க வகுப்பு எடுத்ததும் நிஜம். நிறையப் பெண்கள் வேலை பார்க்கும் ஊரில் இருந்துகொண்டு அந்தக் காட்சிகளைப் பார்த்தால் பேச நிறைய இருக்கும்.

படத்தின் நடுவில் அக்காவும் தங்கையும் இருக்கிறார்கள். அக்கா கேட்சர், நம் விக்கெட் கீப்பர் மாதிரி; தங்கை பிட்சர். அக்காவுக்கு எல்லாம் சுலபமாக வருகிறது, தங்கை உயிரைக் கொடுத்தும் அவள் நிழலிலேயே நிற்கிறாள். கடைசி ஆட்டத்தில் இருவரும் எதிரெதிர் அணியில் மோதும் ஒரு நொடி வரும். அப்போது அக்காவின் வலது கையை மட்டும் கவனியுங்கள். அவள் பந்தைத் தவறவிட்டாளா, விட்டுக்கொடுத்தாளா என்று அமெரிக்காவில் இன்னமும் வாதாடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் தீரவில்லை. விட்டுக்கொடுக்கவில்லை என்பது என் கட்சி. விட்டுக்கொடுத்திருந்தால் தங்கையின் வெற்றிக்கு மதிப்பே இல்லை. அம்மாவோ அக்காவைப் பெற்றவள் மாதிரி அடித்துச் சொல்கிறார், "அக்கா தான் கண்ணு உட்டுக் குடுத்துட்டா" என்று.

சோளக்காட்டுப் படம்

இரண்டாவது 'ஃபீல்ட் ஆஃப் டிரீம்ஸ்', 1989. கனடா எழுத்தாளர் டபிள்யூ. பி. கின்செல்லாவின் 'ஷூலெஸ் ஜோ' என்ற 1982 நாவலிலிருந்து எடுத்தது. அயோவா மாநிலத்தில் ஒரு விவசாயி, காட்டில் நிற்கும்போது ஒரு குரலைக் கேட்கிறான். நீ கட்டினால் அவன் வருவான் என்கிறது குரல். அவன் விளைந்து நிற்கும் மக்காச்சோளத்தில் ஒரு பகுதியை அழித்துவிட்டு பேஸ்பால் மைதானம் போடுகிறான். என்றோ செத்துப்போன ஆட்டக்காரர்கள் சோளத்துக்குள்ளிருந்து வெளியே வந்து ஆடுகிறார்கள்.

இந்தப் படத்துக்கு மட்டும் ஒரு தயாரிப்பு வேண்டும். அதை விட்டால், யார் அந்த ஜோ, அவர் வந்ததற்கு ஏன் இவன் கண் கலங்குகிறான் என்று புரியாது. கதை இதுதான். 1919-இல் உலகத் தொடர் இறுதிப் போட்டியில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி சின்சினாட்டி ரெட்ஸிடம் தோற்றது. சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு தோற்றார்கள் என்று 8 பேர் மீது குற்றச்சாட்டு வந்தது. 1921-இல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மறுநாளே பேஸ்பால் கமிஷனர் லாண்டிஸ், நீதிமன்றம் என்ன சொன்னாலும் சரி என்று 8 பேரையும் ஆயுளுக்கும் தடை செய்தார். அதில் ஒருவர் ஜோ ஜாக்சன். அந்தத் தொடரில் அவருடைய சராசரி 10-க்கு 3-க்கும் மேலே, சரியாகச் சொன்னால் ஆயிரத்துக்கு 375. தோற்க நினைத்தவன் இப்படி அடிப்பானா என்ற கேள்வி அன்றிலிருந்து இருக்கிறது. அவர் பணம் வாங்கினார் என்பதும் அதே கதையில் இருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு நான் சேர்த்துச் சொல்வது ஒன்று உண்டு. ஜோ ஜாக்சன் தென் கரோலினாவில் பருத்தி மில் தொழிலாளியின் மகன். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் மில்லுக்குப் போனவர், எழுதப் படிக்கத் தெரியாது. ஆட்டம் கற்றுக்கொண்டது மில் அணியில். புது ஷூ காலைக் கடித்ததால் அதைக் கழற்றிவிட்டு வெறும் சாக்ஸோடு ஆடியதால் வந்த பட்டப்பெயர்தான் 'ஷூலெஸ்'. கோவை, திருப்பூர்ப் பக்கம் மில்லில் சின்ன வயதிலேயே சேர்ந்தவர்கள் இல்லாத குடும்பம் குறைவு. இதைச் சொன்னதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். தாத்தா கோவையில் மில்லில் இருந்தவர்.

இதையெல்லாம் விரிவாகச் சொல்லும் படம் 1988-இல் வந்த 'எய்ட் மென் அவுட்'. நேரம் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். இல்லையென்றால் மேலே சொன்னதைச் சொல்லிவிட்டுப் படத்தைப் போடலாம்.

அம்மா பிறந்த ஊர் தாராபுரம் பக்கம். மாமா இப்போதும் காட்டில் மக்காச்சோளம் போடுகிறார், கோழித் தீவனத்துக்குப் போகிறது. அதனால் நாயகன் டிராக்டரை ஏற்றும் காட்சி வந்ததும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வெளைஞ்சு நிக்கற காட்டுக்குள்ள டிராக்டர உட்டு ஓட்டறானே, பொண்டாட்டிக்காரி ஒண்ணும் சொல்லமாட்டாளா?" என்றார். அந்தக் கேள்வி படத்துக்குச் சரியான கேள்வி. மைதானம் அழகாக இருக்கிறது, செத்தவர்கள் வந்து ஆடுகிறார்கள், ஆனால் கடன் கட்ட முடியவில்லை, நிலம் கையை விட்டுப் போகப்போகிறது. பல அமெரிக்க விமர்சனங்கள் இதை அப்பா-மகன் படம் என்று மட்டும் எழுதுகின்றன. அப்படித்தான், ஆனால் நிலத்தை அடகு வைத்திருக்கும் குடும்பத்தின் படமும்கூட. கடனுக்கு நிலம் போவதைப் பார்த்த வீடுகளில் அந்தப் பாதி பலமாக வேலை செய்யும். 1988 கோடையில் அயோவாவில் கடும் வறட்சி. படப்பிடிப்புக்காகவே தண்ணீர் பாய்ச்சித்தான் சோளத்தை ஆளுயரத்துக்கு வளர்த்தார்கள் என்பதையும் சொல்லுங்கள், விவசாயம் தெரிந்தவர்கள் சோளத்தை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

இன்னொரு பாத்திரத்தைத் தவறவிடாதீர்கள். ஆர்ச்சிபால்ட் கிரஹாம் என்ற வயதான டாக்டர், நடித்தவர் பர்ட் லங்காஸ்டர். கிரஹாம் நிஜ மனிதர். 1905-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக ஒரே ஒரு மேஜர் லீக் ஆட்டத்தில் களமிறங்கினார். அடிக்க அவர் முறை வரவே இல்லை. அப்புறம் மின்னசோட்டாவில் சிஸ்ஹோம் என்ற சிறிய ஊரில் டாக்டராக வாழ்ந்து முடித்தார். படம் ஆண்டை மாற்றியிருக்கிறது, ஆளை மாற்றவில்லை. அவர் மைதானத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டும் காட்சி வரும்போது செல்போனை எல்லாரும் கீழே வைத்துவிடுங்கள்.

ஒரு குறையும் சொல்லவேண்டும். ஜோ ஜாக்சன் இடது கையில் அடிப்பவர், படத்தில் நடித்த ரே லியோட்டா வலது கையில் அடிக்கிறார். ஆட்டம் தெரிந்தவர்களுக்கு அது உறுத்தும், நமக்கு முதல் முறை தெரியாது. 2021 ஆகஸ்டில் படம் எடுத்த டையர்ஸ்வில் ஊரிலேயே சோளக்காட்டுக்கு நடுவே நிஜமான மேஜர் லீக் ஆட்டம் நடத்தினார்கள். ஒயிட் சாக்ஸ் யாங்கீஸை 9-8 என்று ஜெயித்தது. ஆட்டக்காரர்கள் சோளத்துக்குள்ளிருந்து நடந்துவரும் காட்சி வீடியோவாகக் கிடைக்கும். படம் முடிந்ததும் போட்டுக்காட்டுங்கள். ஜோ ஜாக்சனின் பெயரைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கியது 2025-இல். அவர் இறந்தது 1951.

ஏலம் பார்க்கிற பையனுக்கு

கிரிக்கெட் வெறியர்கள் மேலே சொன்ன இரண்டு படத்திலும் பாதியில் எழுந்து போகலாம். அவர்களுக்கு 'மனிபால்'. மைக்கேல் லூயிஸ் 2003-இல் எழுதிய புத்தகம், 2011-இல் பிராட் பிட் நடித்துப் படமானது. 2002-இல் ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் என்ற பணமில்லாத அணி, பெரிய ஆட்டக்காரர்களைப் பணக்கார அணிகளிடம் இழந்தபின் என்ன செய்தது என்பதுதான் கதை. ஐபிஎல் ஏலத்தை விடிய விடியப் பேசுகிற பையன்களுக்கு முதல் கால் மணி நேரத்திலேயே பிடித்துவிடும்.

இந்தப் படத்தின் சாவி அம்மா எப்போதோ கேட்ட ஒரு கேள்வியில் இருந்தது. "ஏங்கண்ணு, அடிக்கவே இல்ல, அப்புறம் எதுக்கு அவனை நடந்து போகச் சொல்றாங்க?" நான்கு பாலுக்கு நடந்து போவதை ரொம்பக் காலமாக யாரும் பெரிதாக எண்ணவில்லை. அடித்துப் போகிறவனுக்குத்தான் பெயரும் சம்பளமும். ஓக்லண்ட் பார்த்த கணக்கு வேறு: எப்படிப் போனாலும் சரி, அவுட்டாகாமல் பேஸுக்குப் போகிறானா? 27 அவுட்தான் ஒரு ஆட்டத்தில் ஒரு அணியின் மொத்த முதல், அதை வீணடிக்காதவன்தான் மதிப்புள்ளவன். அந்த ஆட்களை மற்ற அணிகள் மலிவாக விற்றுக்கொண்டிருந்தன, இவர்கள் வாங்கினார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், கணினித் திரையும் பட்டியலுமாக ஓடும் காட்சிகள்கூட விறுவிறுப்பாகிவிடும்.

அந்தப் பருவத்தில் ஓக்லண்ட் தொடர்ந்து 20 ஆட்டம் ஜெயித்தது. 20-ஆவது ஆட்டத்தில் 11-0 என்று முன்னால் இருந்து, 11-11 ஆகி, கடைசியில் ஸ்காட் ஹேட்டபெர்க் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி எல்லை தாண்டும் அடி) அடித்து 12-11. படத்துக்காகச் சேர்த்த காட்சி என்று நினைப்பீர்கள், அப்படியே நடந்தது. என் வருத்தம் ஒன்றே ஒன்று. அந்த அணியில் ஹட்சன், முல்டர், ஜிட்டோ என்று மூன்று அருமையான பிட்சர்கள் இருந்தார்கள். படம் அவர்களைக் கிட்டத்தட்டக் காட்டவே இல்லை. அக்கா மகனிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் படத்தைப் போட்டேன், எல்லாமே கணக்கால் நடந்தது என்று அவன் நம்பிவிடக் கூடாதே.

42

இந்தப் படத்தைக் குழந்தைகளோடு பார்ப்பதாக இருந்தால் முன்னால் ஒருமுறை நீங்கள் தனியாகப் பாருங்கள். ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காகக் களமிறங்கினார். நவீன மேஜர் லீக்கில் நிறத் தடையை உடைத்த முதல் கறுப்பின ஆட்டக்காரர். எதிரணி மேனேஜர் ஒருவர் மைதானத்தில் நின்று அவரைக் கேவலமாக ஏசும் காட்சி நீளமானது, கேட்க முடியாது. அதை ஓட்டிவிடாதீர்கள். திருப்பி அடிக்கக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கும் மனிதன் அடுத்த பந்துக்காக மட்டையைப் பிடித்து நிற்பதுதான் படமே. கொங்கு நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. அது தெரிந்த வீடுகளில், அவரை உள்ளே சேர்க்க மறுக்கும் ஹோட்டலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. இந்தப் படத்தை முன்வைத்து அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசவேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

நடித்தவர் சாட்விக் போஸ்மன், 'பிளாக் பேந்தர்' மூலம் பையன்களுக்குத் தெரிந்தவர். 42 என்ற எண்ணை 1997-இல் எல்லா அணிகளிலும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு ஏப்ரல் 15 அன்றும் எல்லா ஆட்டக்காரர்களும் அதே எண்ணோடு ஆடுவார்கள். பனியன் முதுகில் 42 அச்சிட்டுக் காதர்பேட்டையில் தொங்கினால் இனி உங்களுக்குக் காரணம் தெரியும்.

புத்தகம் படிக்கிறவர்களுக்கு

தமிழிலேயே தொடங்கலாம். ஹெமிங்வேயின் கடலும் கிழவனும் கதையைச் சங்ககிரிக்காரரான ச.து.சு. யோகியார் தமிழில் கொண்டுவந்தார். அப்புறம் வேறு மொழிபெயர்ப்புகளும் வந்தன. எதைப் படித்தாலும் இந்த முறை டிமாஜியோ என்ற பெயர் வரும் இடங்களில் நின்று படியுங்கள். கியூபாவில் தனியாகக் கடலில் கிடக்கும் கிழவன், கை கிழிந்து ரத்தம் வடியும்போது யாங்கீஸ் ஆட்டக்காரர் ஜோ டிமாஜியோவை நினைத்துக்கொள்கிறான். டிமாஜியோவின் அப்பாவும் மீனவர், குதிகாலில் எலும்பு வளர்ந்து வலியோடு ஆடியவர் டிமாஜியோ. வலியோடு அவர் ஆடும்போது நான் தாங்கமாட்டேனா என்பதுதான் கிழவனின் தெம்பு. பள்ளியில் படித்தபோது அந்தப் பெயரை நான் தாண்டிப் போயிருந்தேன். 10-க்கு 7 முறை தோற்கும் ஆட்டம் என்று தெரிந்தபின் படித்தால், 84 நாள் மீன் கிடைக்காத கிழவனுக்கு அந்த ஆட்டம் ஏன் பிடித்தது என்று விளங்குகிறது.

ஆங்கிலம் படிக்கிறவர்கள் பெர்னார்ட் மாலமுடின் 'தி நேச்சுரல்' நாவலை (1952) எடுத்து, அதே பெயரில் 1984-இல் வந்த ராபர்ட் ரெட்ஃபோர்ட் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படத்தில் நாயகன் கடைசியில் ஹோம் ரன் அடித்து மின்விளக்குகளைச் சிதறடிக்கிறான். நாவலில் 3 ஸ்ட்ரைக் வாங்கி அவுட்டாகிறான். இரண்டையும் முடித்தபின் எது உண்மையான முடிவு என்று வீட்டில் விவாதம் வையுங்கள். நான் நாவலின் பக்கம்.

சின்னவர்களுக்கு, 1888 ஜூன் 3 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ பத்திரிகையொன்றில் எர்னஸ்ட் தேயர் எழுதிய 'கேசி அட் தி பேட்' கவிதை. ஊரே நம்பியிருக்கும் கேசி, இரண்டு பந்தை வேண்டுமென்றே விட்டுவிடுகிறான். மூன்றாவதில் என்ன ஆகிறது என்பது கடைசி வரியில். மௌனமாகப் படிக்கவே படிக்காதீர்கள், எழுந்து நின்று சத்தமாகச் சொல்லுங்கள். மேடைகளில் சொல்லித்தான் அது புகழ்பெற்றது.

முரகாமி படிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: 1978-இல் டோக்கியோவின் ஜிங்கு மைதானத்தில், யாகுல்ட் ஸ்வாலோஸ் அணிக்காக டேவ் ஹில்டன் அடித்த ஒரு அடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தன்னால் நாவல் எழுத முடியும் என்று தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார்.

மற்றவை

கொரியத் தொடர் பார்க்கிற பெண்கள் எங்கள் ஆபீஸில் நிறைய. அவர்களுக்கு நான் சொல்வது 'ஹாட் ஸ்டோவ் லீக்', 16 பகுதிகள். கடைசி இடத்தில் கிடக்கும் அணிக்கு மேலாளராக வரும் நாயகனுக்கே பேஸ்பால் தெரியாது, அதனால் நமக்கும் சிரமம் இல்லை. மைதானத்தைவிட ஆபீஸ் அறைகளில்தான் கதை அதிகம் நடக்கிறது. சம்பளம் பேசுவது, ஆளை மாற்றுவது எல்லாம் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு நன்றாகப் புரியும்.

'மில்லியன் டாலர் ஆர்ம்' (2014) படத்தைப் பலரும் முதலில் பார்க்கச் சொல்வார்கள். இந்தியப் பையன்கள் கதை, இசை ஏ. ஆர். ரஹ்மான். நான் கடைசியில் வைக்கச் சொல்வேன். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008-இல் நடந்த ஒரு பந்து வீசும் போட்டியில் தேர்வாகி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற பேஸ்பால் அணியோடு ஒப்பந்தம் போட்டது பெரிய விஷயம். ஆனால் கேமரா அவர்களைக் கூட்டிப்போன அமெரிக்க ஏஜெண்டின் பக்கமே நிற்கிறது. மற்ற படங்களைப் பார்த்துப் பழகியபின் பார்த்தால், அந்தப் பையன்களின் முகத்தில் இருப்பதை நீங்களாகவே படித்துக்கொள்வீர்கள்.

தமிழ்ப் படங்களில் பேஸ்பால் மட்டை அடியாள் கையில்தான் வருகிறது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டையின் உண்மையான வேலையைக் காட்டவாவது ஒரு படம் போடுங்கள்.

நடைமுறையாகச் சில. ஆங்கில சப்டைட்டிலை அணைக்காதீர்கள், வர்ணனையாளர்கள் வேகமாகப் பேசுவார்கள். ஆங்கிலம் தெரியாத பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வாருங்கள். ஆட்டக் காட்சியில் சொல்லாதீர்கள், அது தானாகப் புரியும், பேச்சுக் காட்சியில் சொல்லுங்கள். 'மனிபால்' 2 மணி நேரத்துக்கு மேல் ஓடும், சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். ஒரே வாரத்தில் இரண்டு படம் வேண்டாம்.

நான்கைந்து படம் ஆனதும் நிஜ ஆட்டத்துக்கு வாருங்கள். உலகத் தொடர் அக்டோபர் கடைசியில் நடக்கும். அங்கே ராத்திரி 8 மணி ஆட்டம் நமக்கு விடிகாலை 5.30. 2023 முதல் பிட்சர் குறிப்பிட்ட நொடிகளுக்குள் பந்தை வீசியாகவேண்டும் என்று கடிகாரம் வைத்துவிட்டதால் முன்போல இழுக்காது. காபியோடு உட்கார்ந்தால் 7-ஆவது இன்னிங்ஸ் இடைவெளி, வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரும். அப்போது அரங்கம் முழுக்க எழுந்து நின்று 1908-இல் எழுதிய ஒரு பாட்டைப் பாடும். பாட்டை எழுதிய ஜாக் நார்வொர்த் அதுவரை ஒரு பேஸ்பால் ஆட்டத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. அம்மாவுக்கு இப்போது அந்த மெட்டு தெரியும். ஓவர்லாக் தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே நானும் முணுமுணுப்பேன்.